அக்கா பெயரில் ஒரு செவெல்

துலூத் துறைமுகம்
29 மார்ச் 1987

அன்புள்ள இரேனா அக்காவுக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தையல் ஆலையில் நாள் முழுக்க குனிந்தே இருக்காமல் அவ்வப்போது எழுந்து நட.

ஏரியில் பனி உடைந்துவிட்டது. நாளை இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு டொலிடோவுக்குக் கிளம்புகிறோம். இனி ஜனவரி வரை எனக்கு இந்தக் கப்பலும் அதன் எஞ்சின் அறையும்தான். உன் ஷெட்டில் நிற்கும் என் செவெல் காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அதைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிடு. சந்து முனையைத் தாண்டி எடுத்துப் போகாதே. ஆயில் மாற்று. என் சிநேகிதன் புருனோவைத் தவிர யாரும் எஞ்சின் மூடியைத் திறக்கக் கூடாது. ஆகஸ்டில் எனக்கு ஒரு வாரம் லீவு. அதற்குள் வண்டி புலிபோல இருக்க வேண்டும்.

வழக்கம்போலத் தபால் படகுக்கே எழுது. டெட்ராய்ட் ஆற்றில் எங்கள் கப்பல் நிற்காது, படகு பக்கத்தில் ஓடிவர வாளியைக் கயிற்றில் இறக்கித்தான் கடிதத்தை மேலே இழுக்கிறோம். அதனால் போன வருஷம்போல பாப்பி விதை ரொட்டி அனுப்பிவைக்காதே. அதை மீன் தின்றது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
லியோன்

*

ஹாம்ட்ராம்க்
20 ஏப்ரல் 1987

அன்புள்ள லியோனுக்கு,

இங்கே நலம். உன் நலம் எழுது. ஈஸ்டர் நேற்று நல்லபடியாகப் போயிற்று, நீ இல்லாததால் தொத்திறைச்சி மிச்சம் ஆனது.

உன் உத்தரவுகள் வந்து சேர்ந்தன. எனக்கு முப்பத்தொன்பது வயது ஆகிறது, உன் கப்பலில் எண்ணெய் துடைக்கிற பையன் இல்லை நான். உன் கார் ஷெட்டுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. நான் ஆலைக்கு ஓட்டிப் போகிற கார் குளிர்காலம் முழுக்கத் தெருவில் பனியில் நின்று கதவு அடி துருப்பிடித்து உதிர்கிறது. போன வாரம் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. எங்கள் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ரிட்டயர் ஆன வோய்டாவைத் தெரியுமல்லவா? ஒரு புது ப்யூக் வாங்கியிருக்கிறார். முழுக் கருப்பு, ஆறு சிலிண்டர், டர்போ வைத்தது. வாங்கின மறு மாதமே முகம் வாடிவிட்டது மனுஷனுக்கு. "இதுல உக்காந்தா பிளேன்ல உக்காந்த மாதிரி இருக்கு இரேனா. கதவ அறைஞ்சு சாத்துற சுகமே இல்ல. உன் செவெல்ல குடு, இத எடுத்துக்க. கைக்கு கை" என்கிறார். நான் அதில் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன்.

சொல் லியோன். பழசா, புதுசா? அவர் அவசரப்படவில்லை, எனக்குத்தான் அவசரம்.

குளிரில் காதை மூடிக்கொள். உனக்குக் காதுவலி சீக்கிரம் வரும்.

அக்கா
இரேனா

*

கப்பலில், ஹூரான் ஏரி
8 மே 1987

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

ஆறு சிலிண்டர்! என் எட்டு சிலிண்டரைக் கொடுத்துவிட்டு ஆறு சிலிண்டரை வாங்குவதா? அது கார் இல்லை அக்கா, உன் தையல் மெஷினுக்கு நாலு சக்கரம் வைத்தது. உன் கடிதத்தை எஞ்சின் அறையில் படித்தேன், என் முகத்தைப் பார்த்துத் தலைமைப் பொறியாளர், யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். அந்தக் கிழவனிடம் சொல்லிவிடு, என் கார் பக்கம் நிழல்கூட விழக்கூடாது. என் காரை வாங்க இந்த ஊரில் எவனுக்கும் யோக்கியதை கிடையாது.

உனக்குக் கார் வேண்டுமென்றால் ஏதாவது வாங்கிக்கொள். என் காரை விட்டுவிடு. ஆகஸ்டில் அது எனக்கு வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்காதே.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

லியோன்

*

ஹாம்ட்ராம்க்
27 மே 1987

லியோனுக்கு,

நலம். இடுப்பு வலிக்கிறது, கோபத்தில் அது தெரியவில்லை.

என் கார், என் கார், என் கார். உன் கடிதத்தில் வேறு வார்த்தையே இல்லை. உனக்கு மறதி வந்துவிட்டது, நான் ஞாபகப்படுத்துகிறேன்.

அந்தக் கார் வாங்கும்போது உனக்குப் பதினெட்டு வயது. வேகமாக ஓட்டி இரண்டு முறை போலீஸில் மாட்டியிருந்தாய். எந்தக் கம்பெனியும் உன் பெயரில் இன்ஷூரன்ஸ் போடத் தயாராக இல்லை. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் செய்ததையே அப்பாவும் செய்தார். "பேப்பர்ல அக்கா பேரு இருக்கட்டும், வண்டி பையனுக்கு" என்றார். பாதிப் பணம் அப்பாவுடையது, பாதி என்னுடையது. அந்தக் கம்பெனிக்கே இருக்கை உறை தைக்கிறவள் என்பதால் கிடைத்த ஊழியர் சலுகையும் என்னுடையது. விற்பனைக்காரன் என்னிடம் சின்ன எஞ்சினைக் காட்டி, "பொண்ணுங்களுக்கு இது போதும்மா" என்றான். இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டு அதில் விரல் வைத்தவள் நான். அந்தச் சிவப்பும் நான் சொன்னதுதான். கார் வந்த முதல் ஞாயிறு நீ சாவியைக் கேட்டாய், கொடுத்தேன். பதினேழு வருஷம் ஆகிறது, "இந்தாக்கா, நீ ஒரு நாள் ஓட்டு" என்று ஒரு முறையாவது சொன்னாயா?

இன்னொன்றும் சொல்கிறேன், வயிறெரிந்து படி. போன சனிக்கிழமை சாயங்காலம் நான் செவெல்லை உட்வர்ட் சாலையில் ஓட்டினேன். சிக்னலில் வோய்டாவுடையது மாதிரியே ஒரு கருப்பு ப்யூக் பக்கத்தில் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் முழுசாக மிதித்தேன். உன் புலி மூன்று வண்டி நீளம் பின்தங்கியது. தையல் மெஷினிடம்!

மெஷினில் உட்கார்ந்துதான் உன்னை நான் ஸ்கூலில் படிக்கவைத்தேன். அதைக் கேவலமாகப் பேசாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

இரேனா

*

சூப்பீரியர் ஏரி
2 ஜூலை 1987

இரேனாவுக்கு,

நலம்.

உன்னை யார் ஓட்டச் சொன்னது? உனக்கு அந்த வண்டியைக் கிளப்பத் தெரியாது, சிக்னலில் கிளப்பத் தெரியாதவள் ஓட்டினால் எந்தக் காரும்தான் தோற்கும். அதைக் காரின் மேல் போடாதே.

இங்கே எஞ்சின் அறையில் ஒருவன் கை ஒடிந்து இறங்கிவிட்டான். அதனால் எனக்கு ஆகஸ்ட் லீவு கிடையாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 16 ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பக்கம் மிலனில் உள்ள பந்தயத் தடத்தில் ஒரு சின்ன ஓட்டம் இருக்கிறது. எனக்குப் பதில் புருனோ ஓட்டுவான். சாவியை அவனிடம் கொடு. காரின் உரிமைப் பத்திரத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அதையும் அவனிடம் கொடு. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

லியோன்

பி.கு.: உடம்பு எப்படி என்று எழுதவும்.

*

ஹாம்ட்ராம்க்
19 ஜூலை 1987

லியோன்,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இரு, உன்னிடம் நேரில் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

புருனோ இன்று வந்தான். வாசலில் நின்று தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சாப்பிடு என்று பியரோகிக் கொழுக்கட்டை வைத்தேன். அதற்கு மேல் அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"சின்ன ஓட்டத்துக்கு எதுக்குடா பத்திரம்?" என்றேன்.

"அது... தோத்தா குடுக்கணும்ல?"

"என்னத்த?"

"கார. லியோன் கப்பல்ல கை குடுத்துட்டான். ஹாகன்னு ஒருத்தன், புது ப்யூக் வச்சிருக்கானாம். ஜெயிக்கிறவனுக்கு ரெண்டு காரும்."

"எந்தக் கார வச்சு?"

"செவெல்லதான்."

"அது யாரு கார் புருனோ?"

அவன் பியரோகியைப் பார்த்துக்கொண்டே, "உங்களுதுதான்" என்றான். உனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

என் காரை நீ பந்தயத்தில் வைத்தாய். என்னைக் கேட்காமல், முகம் தெரியாத ஒருவனிடம், அதுவும் உட்வர்டில் எந்தக் கார் அதைத் தோற்கடித்தது என்று நான் எழுதிச் சொன்னேனோ அதே ரகக் காரோடு. நான் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்குக் குதித்தாயே, அப்போதே கை கொடுத்திருந்தாய், இல்லையா? நான் கேட்டேன் லியோன். என் பெயரில் இருப்பதைத் தரலாமா என்று உன்னிடம் அனுமதி கேட்டேன்! அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக எரிகிறது.

கையெழுத்துக் கிடையாது.

இரேனா

*

டொலிடோ
31 ஜூலை 1987

அக்கா,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம், பருவம் தொடங்கிய முதல் வாரமே கை கொடுத்துவிட்டேன். மேல்தளத்தில் வேலை செய்கிற ஹாகன் தன் காரின் போட்டோவைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். "உன்னோடது சாவு ஊர்வலத்துக்குத்தான் லாயக்கு, முன்னால மெதுவா போகும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன செய்வது, சூப்பைக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பதா? இருபத்தெட்டுப் பேர் பார்க்கக் கை குலுக்கினேன். உன் பெயரில் இருப்பது எனக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. பதினேழு வருஷமாக நான்தானே ஓட்டுகிறேன்.

இப்போது பின்வாங்கினால் இந்தக் கப்பலில் என்னால் இருக்க முடியாது. வருஷத்தில் ஒன்பது மாதம் அவர்கள் முகத்தில்தான் விழிக்கிறேன். உனக்கு ஆலை விட்டால் வீடு இருக்கிறது, எனக்கு இந்த இரும்புப் பெட்டிதான். புருனோ நன்றாக ஓட்டுவான். ஜெயிப்போம். ஜெயித்தால் அந்தக் கருப்புக் கார் உனக்கு. தலைமேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

கையெழுத்துப் போடு. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள். அப்பா இருந்தால் போடச் சொல்லியிருப்பார்.

லியோன்

*

ஹாம்ட்ராம்க்
18 ஆகஸ்ட் 1987

லியோனுக்கு,

நலம். இந்தக் கடிதம் வாளியில் ஏறும்போது ஹாகனும் கப்பலுக்குத் திரும்பியிருப்பான். அவன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா சொல்லியிருப்பார் என்பது சரிதான். அதனால்தான் நான் போடவில்லை.

ஞாயிறு காலை செவெல்லை நானே மிலனுக்கு ஓட்டிப்போனேன். புருனோ பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக ஜெபம் சொன்னான். ஹாகன் அங்கே கருப்பு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வளர்ந்த ஆள், சிவந்த முகம்.

"நீங்க லியோன் அக்காவா? புருனோதான ஓட்டறது?"

"நான்தான். கார் என்னோடது. கை குடுத்தவனுக்கு அதுல ஒரு டயர்கூடச் சொந்தமில்ல" என்று பத்திரத்தை எடுத்துக் காட்டினேன்.

அவன் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான். "அடப்பாவி! அப்ப பந்தயம்?"

"பந்தயம் கிடையாது. இவ்ளோ தூரம் வந்துட்ட. சும்மா ஓட்டிப் பாக்கணும்னா வா."

"தோத்தா?"

"தோத்தா கைய குடுத்துட்டு வீட்டுக்குப் போறது."

அவன் சிரித்துவிட்டான். சரி என்றான். நல்லவன்தான். உன்னைப்போலவே வாயாடி, அவ்வளவுதான்.

நான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். செவெல் ஜெயித்தால் அது என் ஷெட்டில், என் கையில், நான் சாகும்வரை இருக்கும். உனக்குச் சாவி வராது. தோற்றால் வோய்டாவுக்கு.

டயரைச் சுழற்றிப் புகை கிளப்பினேன். கூட்டம் கத்தியது. விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கிப் பச்சை வந்தபோது நான் அவனுக்கு முன்னால் கிளம்பினேன் லியோன். கிளப்பத் தெரியாதவள் என்று எழுதினாயே, அவனைவிட முந்திக் கிளம்பினேன். முன்பக்கம் தூக்கியது, வயிறு முதுகில் ஒட்டியது, அந்த எஞ்சின் போட்ட சத்தத்தில் நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பாதித் தடம்வரை அவன் என் கண்ணாடியில்தான் இருந்தான். பிறகு சத்தமே இல்லாமல் ஜன்னல் பக்கம் வந்தான், தாண்டினான், போய்விட்டான். நான் காலை எடுக்கவே இல்லை. அதனிடம் அவ்வளவுதான் இருந்தது.

இறங்கி வந்து கை கொடுத்தான். "மேடம், கிளம்புனதுல நான் பயந்துட்டேன்" என்றான். தன் சாவியை நீட்டி, "ஒரு தடவ ஓட்டிப் பாருங்க" என்றான். பார்த்தாயா, அவனுக்கு என்னை ஒரு மணி நேரமாகத்தான் தெரியும்.

அந்தக் காரில் மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஏமாந்தோம் என்று நினைக்கிற நேரத்தில் முதுகில் இரண்டு கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு. அவன் ஓட்டியதைவிட நான் வேகமாக ஓட்டினேன். புருனோவைக் கேள்.

நேற்று வோய்டாவிடம் செவெல்லைக் கொடுத்துவிட்டு அவருடைய ப்யூக்கை வாங்கிக்கொண்டேன். வேகம் மட்டும் காரணம் இல்லை. செவெல்லை நான் எங்கே ஓட்டிப் போனாலும் பெட்ரோல் போடுகிறவன்கூட "லியோன் வண்டியாச்சே, அவன் எங்க?" என்றுதான் கேட்கிறான். இந்தக் கருப்பு வண்டியைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். சாவியை வோய்டா கையில் வைக்கும்போது அழுதேன். அதையும் தெரிந்துகொள்.

வெயில் காலம், எஞ்சின் அறையில் தண்ணீர் நிறையக் குடி.

இரேனா

*

30 ஆகஸ்ட் 1987

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்புக் கிடையாது.

ஹாகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் கார் வைத்திருந்தார்கள், கூட ஒரு சீட்டு: "அக்காவைக் கேட்டுவிட்டு ஓட்டவும்." சமையல்காரன் தினமும் "அக்கா சாப்பிடச் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிமாறுகிறான்.

என்னைக் கொன்றிருக்கலாம் நீ. காரையாவது விட்டு வைத்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டாய்.

எனக்கு அக்கா இல்லை. எழுதாதே.

லியோன் கிராபியெட்ஸ்

*

ஹாம்ட்ராம்க்
22 நவம்பர் 1987

லியோனுக்கு,

எழுதாதே என்றாய். மூன்று மாதம் எழுதவில்லை. இனிமேல் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை.

சூப்பீரியரில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டு நாள் உன் கப்பலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் ஆலையில் ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பாவி, ஒரு காருக்காக என்னோடு பேசாமல் போய் ஏரியில் முழுகித் தொலைவாயோ என்று உன்மேல் வந்த ஆத்திரத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது. வியாழக்கிழமை தபால் படகுக்காரர்களைக் கேட்டேன். மறுநாள் உங்கள் கப்பல் ஆற்றில் இறங்கும் என்றார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் நின்றேன். கப்பல் முழுக்கப் பனிக்கட்டி. பின்பக்கத் தளத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். நீதான் என்று உன் தொப்பியை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

நான் கை காட்டவில்லை. முழுசாக இருக்கிறாய் என்று பார்த்தேன், அது போதும் என்று காருக்குத் திரும்பிவிட்டேன். கோபம் அப்படியே இருக்கிறது.

காது வலிக்கிறதா?

இரேனா

*

கப்பலில், ஈரி ஏரி
29 டிசம்பர் 1987

அக்காவுக்கு,

நலம். காது வலிக்கத்தான் செய்கிறது. உன் விரல் எப்படி இருக்கிறது?

உன்னை நானும் பார்த்தேன். அந்தக் கருப்பு வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றாய். நானும் கை தூக்கவில்லை.

செவெல்லைக் கொடுத்ததை நான் மன்னிக்கவில்லை. அது உன்னுடையது, கொடுக்க உனக்கு உரிமை இருந்தது, ஆனாலும் மன்னிக்கவில்லை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிறேன்.

போன வாரம் புதிதாக ஏறிய ஒருவன், "எல்லாரும் சொல்றாங்களே, அந்த சிவப்பு வண்டி யாரோடது?" என்று கேட்டான். எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "எங்கக்காவோடது. அந்த எஞ்சினத் தேர்ந்தெடுத்ததே அவதான்" என்றேன். சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய்த்தான் சொன்னேன், பெரிய மனது வந்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹாகன் உப்பை என் பக்கம் தள்ளி வைத்தான்.

ஜனவரி ஒன்பதாம் தேதி டொலிடோவில் கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்டிப்போடுகிறோம். புருனோவை வரச் சொல்லலாம், அவன் வருவான். நான் அவனுக்கு எழுதவில்லை. நீ வருவாயா?

லியோன்

*

ஹாம்ட்ராம்க்
3 ஜனவரி 1988

அன்புள்ள லியோனுக்கு,

விரல் ஆறிவிட்டது. இடுப்பு தேவலை, இந்தக் காரின் இருக்கை அதற்கு ஒத்துக்கொள்கிறது.

ஒன்பதாம் தேதி வருகிறேன். துறைமுக வாசலில் நிற்பேன், உள்ளே வரமாட்டேன். உன் மூட்டையைப் பின்னால் போடு. ஓட்டுவது நான், நீ பக்கத்து இருக்கையில் உட்கார். சாவியைக் கேட்காதே, ஹீட்டரைத் தொடாதே, எப்போது மிதிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்காதே. சூப்பும் ரொட்டியும் வீட்டில் இருக்கும். சண்டை மிச்சம் இருப்பதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

வழியில் "ஆறு சிலிண்டர்" என்று உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் மன்ரோவில் இறக்கிவிட்டுவிட்டு நான் போய்க்கொண்டே இருப்பேன். அதனால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு வா. பனி முழங்கால்வரை இருக்கிறது, நடக்க வேண்டி வரலாம்.

அக்கா
இரேனா